அவரவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்

என் உயிர் மச்சானுக்கு,

ஊர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், தனியாக இருந்தால் 'நீ' என்பேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தால் இதைப் பிடுங்கி, முதல் வரியிலேயே நாலு பிழை கண்டுபிடித்து, சிவப்பு மையால் சுழித்திருப்பாய்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் ஒரிஜினல் பத்திரம் தொலையவில்லை. நான்தான் ஒளித்துவைத்திருந்தேன். மார்கழி முழுக்க அது என் கடையில், ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கும் பலகைக்கும் பேப்பர் கட்டுக்கும் நடுவில் கிடந்தது. உன் மகள் கயல் சிதம்பரத்திலிருந்து போன் போட்டுப் போட்டுக் கேட்டாள். "மாமா, கெடச்சிதா?" என்பாள். "தேடிக்கிட்டேதாம்மா இருக்கேன்" என்பேன். அந்தப் பேப்பர் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டே சொல்வேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். என் மச்சான் ராஜேந்திரன் சிதம்பரத்தில் பத்திரம் எழுதுகிறவர். நான் பாலு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் என் கடையில்தான் மனு அடித்துக்கொண்டு போவார்கள். இவர் தங்கச்சி வசந்தாவைக் கட்டியவன் நான். இவர் ஊர் கொள்ளிடத்துப் பக்கம். ஊர்ப் பெயரையும் தொகுதியையும் கட்சியையும் எழுதப் போவதில்லை. எழுதினால் "ஓ, அவரா? எனக்கு அப்பவே தெரியும்" என்று இன்னொரு கட்சிக்காரர் கிளம்பிவிடுவார். இது எந்தக் கட்சிக்கும் எதிரான கடிதம் இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, போன தேர்தலுக்கு முன்னால் ஒருநாள் என் கடையில் டீ குடித்துக்கொண்டே ஆரம்பித்தாய். "மாப்ள, ஒரு ஷெட்டை வாடகைக்கு வுட்டாகூட பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்ட் போடுறோம். ஓட்டை மட்டும் அஞ்சு வருஷத்துக்கு வெறும் வாய்ப்பேச்சுல தூக்கிக் குடுக்குறோமே, நாம இன்னா லூசா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அடி மாப்ள, டைப் அடி" என்றாய். வாடிக்கையாளர் ஒருவர் ரேஷன் கார்டு நகலுக்குக் காத்திருந்தார். அவரையும் உட்காரவைத்துவிட்டு என்னை அடிக்கவைத்தாய்.

மூன்றே மூன்று வாக்குறுதி. வடிகால் வாய்க்கால் மதகுக்கு உடைந்த ஷட்டரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சம்பா அழுகுகிறது. வாய்க்காலைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போக ஒரு சின்னப் பாலம் கட்ட வேண்டும். மூன்றாவதுதான் உன் உயிர்: ஜெயித்தவர் வருடா வருடம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து உட்கார வேண்டும், பத்திரத்தைப் படித்துக் காட்டுவோம், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். எழுதிக்கொடுப்பவர் என்ற இடத்தில் வேட்பாளர். எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் நான் ஊர்ப் பெயரைப் போட்டேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊர்னு ஒரு ஆளு கெடையாது மாப்ள. நாளைக்கி கேள்வி கேக்கணும்னா ஆளாளுக்கு அடுத்தவன் மூஞ்சியப் பாப்பான். பேரு போட்ட ஆளு ஒருத்தன் வேணும். எம்பேரைப் போடு."

போட்டேன். அங்கேதான் நான் செய்த தப்பும் இருக்கிறது. உனக்குத் தெரியும், நான் எதையும் புதிதாக அடிக்கிற ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஒரு நில ஒப்பந்தத்தை எடுத்து, சொத்து விவரத்தை அழித்துவிட்டு வாக்குறுதி விவரத்தைப் போட்டேன். கடைசிப் பத்தியை அழிக்க மறந்துவிட்டேன். 'இந்த ஒப்பந்தம் இரு தரப்பாரையும் அவரவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்' என்று அது அப்படியே நின்றுவிட்டது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில், வேட்பாளருக்கு ஒன்றாக மூன்று பிரிண்ட் எடுத்தேன். நீயும் அவசரத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது உன் ஊர்ப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். ஆனால் சூடம் ஏற்றவில்லை. தட்டில் எதுவும் போடக் கூடாது, படித்து முடித்துக் கையெழுத்து விழுந்த பிறகுதான் ஆரத்தி என்று நீ சொல்லிவைத்திருந்தாய். முன்னால் நின்ற அஞ்சலை அக்கா தீப்பெட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "முதல்ல கேளுங்க சார், அப்பறம் கொளுத்துறோம்" என்றார். மூன்று பெரிய வேட்பாளர்களும் மூன்று வெவ்வேறு நாளில் வந்தார்கள். மூன்று பேரையும் நிற்கவைத்து, உன் தொழில் வழக்கப்படி ஒவ்வொரு பத்தியாகப் படித்து, அவர்கள் தலையாட்டும்வரை நிறுத்தி, பிறகு அடுத்த பத்திக்குப் போனாய். முகத்தில் வேர்வை வழிய அவர்களும் நின்றார்கள். வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

முதலில் வந்தவர்தான் பின்னால் ஜெயித்தவர்; அவருக்கு வாரிசு வரியைப் படித்ததும் கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். "அப்ப எம்பையனும் வந்து பதில் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நீ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு தனியாக, "அழிச்சிடலாமா மச்சான்?" என்று கேட்டேன். "படிச்சாச்சி, தலையாட்டியாச்சி. இனிமே கைவச்சா திருத்தல். நிக்கட்டும், இன்னா இப்ப?" என்றாய். சாட்சிக் கையெழுத்து நானும் உன் பக்கத்து வீட்டு மணியும் போட்டோம். ஒரிஜினலை என் கடையிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். மணி இப்போது திருப்பூரில் இருக்கிறார். போன் எடுப்பதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் முதல் வருடம் எம்.எல்.ஏ வந்தார். மதகுக்கு ஷட்டர் மாட்டிக் கொடுத்தார். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டாம் வருடம் உதவியாளரை அனுப்பினார். மூன்றாம் வருடம் யாரும் வரவில்லை. நாற்காலியைப் போட்டுவைத்துவிட்டு, நீ அந்தக் காலி நாற்காலிக்கு மூன்று வாக்குறுதியையும் சத்தமாகப் படித்தாய். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் நிறுத்தினாய். ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மச்சான், மன்னித்துவிடு. நாலாம் வருடமும் அதே காலி நாற்காலி.

அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? பாதிப் பதவிக்காலம் ஆன பிறகு, வேலை செய்யாத ஆளைப் பதவியிலிருந்து திருப்பிக் கூப்பிட ஜனங்களுக்குச் சட்டத்திலேயே உரிமை வேண்டும் என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "தோத்தவன் தெனம் ஒரு நோட்டைத் தூக்கிக்கினு கையெழுத்து வாங்கக் கெளம்பிடுவான். காசு இருக்கறவன் யாரை வேணா எறக்கிடுவான்" என்றேன். "அதுக்குத்தான் எல்லை போடணும்ன்றேன். இத்தன பேரு கேட்டாத்தான் செல்லும், இத்தன வருஷம் கழிச்சித்தான் கேக்கணும்னு போடு. எல்லை போடாம பத்திரம் உண்டா?" என்று கத்தினாய். டீக்கடைக்காரர் நாம் நிலத் தகராறு பேசுகிறோம் என்று நினைத்து வக்கீல் ஒருவர் நம்பரைக் கொடுத்தார். இன்றைக்கு வரைக்கும் யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததா, அங்கே போன பிறகாவது?

கார்த்திகையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். நான் கடலூரிலிருந்து வந்து சேர்ந்தபோது வாய்க்கால் நிரம்பி ஓடியது. பாலம் இல்லை. ஆறு பேர் உன்னைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினோம். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. உன் ஒரு பக்கம் தண்ணீரில் நனைந்துவிட்டது. கரையில் நின்ற கயல் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ எழுதின இரண்டாவது வாக்குறுதியில் நீயே மாட்டிக்கொண்டாயே என்று அழுதேன்.

காரியம் முடிந்து கடையைத் திறந்த வாரத்தில் எம்.எல்.ஏ-வின் உதவியாளர் வந்தார். நல்ல மரியாதையான ஆள். "அண்ணே, அண்ணே" என்றுதான் பேசினார். ஆதாருக்கு இரண்டு நகல் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ராஜேந்திரண்ணன் போனது எங்களுக்கும் வருத்தம்தான். எழுதி வாங்குனவரே போயிட்டாரு, இனிமே அந்தப் பேப்பருக்கு வேலை இல்ல. ஒரிஜினல் உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாங்க. குடுத்தீங்கன்னா சார் ஒருதடவ பாத்துட்டுத் தருவாரு."

"எங்க வச்சேன்னு தெரில தம்பி, தேடணும்" என்றேன்.

"தேடுங்கண்ணே. எலெக்‌ஷன் நேரம். அந்த ஊரு பூத்துல எங்களுக்கு எவ்ளோ வுழுந்திச்சின்னு தாள் எங்ககிட்ட இருக்கு. எந்தத் தெருன்னுகூட சொல்லிடுவோம். ஊருக்கு இன்னும் எவ்ளோ வேலை பாக்கி இருக்கு, பாருங்க. எதுக்குண்ணே வீணா?"

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ ஐந்து வருடமாக அவரைக் கேள்வி கேட்கப் பத்திரம் வைத்திருந்தாய். அவர்களோ நம்மைக் கேள்வி கேட்கத் தாள் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பூத்து ஓட்டையும் ஒன்றாகக் கலந்து எண்ணினால் என்ன மச்சான்? எந்த ஊர் போட்டது, எந்த ஊர் போடவில்லை என்று யாருக்கும் தெரியாமல் போனால்தானே ஏழை பாழை பயப்படாமல் வாய் திறக்க முடியும்? இதை உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய். நான் யாரிடம் கேட்பது?

அன்றைக்குத்தான் பத்திரத்தை எடுத்து மறுபடி படித்தேன். அவரவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். உனக்கு இருப்பது ஒரே பெண். நான் அழிக்க மறந்த ஒரு வரி அவளைக் கொண்டுபோய் அந்த நாற்காலிக்கு எதிரில் நிறுத்துகிறது. அதை உதவியாளரிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை, கயலிடம் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. பேப்பர் கட்டுக்கு அடியில் தள்ளினேன்.

இந்தப் பொங்கல் கூட்டத்தில் உன் இடத்தில் நின்று படிக்கத்தான் கயல் பத்திரத்தைக் கேட்டாள். நகலை வைத்துக்கூட அவள் படித்திருக்கலாம். போட்டோவே அவள் போனில் இருக்கிறது. ஆனால் உன் மகள் அல்லவா? "ஒரிஜினல் இல்லாம எந்திரிச்சா, இது எங்க இருந்து வந்த பேப்பர்னு கேப்பாரு மாமா" என்றாள். அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நான் ஒளித்ததே.

பொங்கலுக்கு முன்னால் வசந்தா கடைக்கு வந்து தூசு தட்டினாள். இந்த வருடம் நமக்குப் பொங்கல் கிடையாது, இருந்தாலும் கை சும்மா இருக்காது அவளுக்கு. பேப்பர் கட்டைத் தூக்கியவள் அடியில் கிடந்த பத்திரத்தைக் கையில் எடுத்தாள். நான் ஏதேதோ சொன்னேன். புள்ளைக்கு நல்லதுக்குத்தான் என்றேன்.

"எங்கண்ணன் தண்ணியில நனஞ்சிக்கினே போனாரு. நீ இந்தப் பேப்பரை நனையாம பாத்துக்கினு இருந்தியா?" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

பொங்கல் கழிந்த ஞாயிறு பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வசந்தாவோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கயல் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். அவள் கையில் கொடுத்து, "மார்கழி பூரா எங்கிட்டதாம்மா இருந்திச்சி" என்றேன். அவள் அதைப் பிரித்துக் கடைசி வரிவரை பார்த்தாள். பிறகு, "பயந்தீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "நானும்தான்" என்றாள். மூவரும் மினிபஸ்ஸில் ஊர்போய்ச் சேர்ந்தோம்.

தேர்தல் நெருங்குவதால் எம்.எல்.ஏ இந்தமுறை வந்துவிட்டார். மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்தத் தடவை மகன்தான் நிற்கப் போகிறார் என்று ஊரே பேசிக்கொள்கிறது. கயல் எழுந்து நின்று படித்தாள். மச்சான், அவள் உன்னைப் போலவே படிக்கிறாள். பத்தி முடிந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தலையாட்டலுக்குக் காத்திருக்கிறாள். மதகு வாக்குறுதிக்கு அவர் தலையாட்டினார். ஜனங்களும் கைதட்டினார்கள். பாலத்துக்கு வந்தபோது, "நிதி வந்துரும்மா, பேசிட்டேன்" என்றார்.

"எப்பங்க அய்யா? மாசம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள் கயல்.

அவர் சிரித்தார். "பாப்பா, இதுல கையெழுத்து போட்டது நானா? எலெக்‌ஷன் நேரத்துல ஆயிரம் பேரு பேப்பரை நீட்டுவாங்க. கட்சிக்காரன் எவனாச்சும் போட்டுருப்பான். நீ இதெல்லாம் பெருசா எடுத்துக்காத."

அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நூறு பேர் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வீடு கட்டும் திட்டத்தில் பெயர் இருக்கிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு ஆயிரம் இருக்கிறது. அஞ்சலை அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். கயல் பார்க்கவில்லை. பத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கதாங்க போட்டீங்க. நான் சாட்சி. உங்க பேனா எழுதல. எம்பேனாவ வாங்கிப் போட்டீங்க. போட்டுட்டு பேனாவ உங்க பாக்கெட்டுல சொருவிக்கினு போயிட்டீங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியா? ஒரு பேனா கடன்பட்டுட்டேனா?" என்று சமாளித்தார். சரி, ஒத்துக்கொண்டது போலத்தான். கயல் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு நான் அழிக்க மறந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டு அவர் மகனைப் பார்த்து நிறுத்தினாள்.

அந்தப் பையன் தலையாட்டவில்லை. செல்போனைப் பார்த்தான். கயல் அசையவில்லை. உனக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

எம்.எல்.ஏ எழுந்து, அவள் பக்கத்தில் வந்து, அன்பாகத்தான் கேட்டார். "நல்லாப் படிக்கிறியே பாப்பா. எங்க வேலை பாக்குற?"

அவள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். எத்தனையாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள் என்றும் சொன்னாள்.

"பர்மனென்ட்டா?"

"இல்லீங்க அய்யா, டெம்பரரி. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்."

"நல்லது" என்றார். பின்னால் நின்ற உதவியாளர் போனில் ஏதோ தட்டினார். ஏதோ மெசேஜ் வந்திருக்கலாம். அவர் வீட்டிலிருந்து காய்கறி வாங்கிவரச் சொல்லியிருக்கலாம். நான் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வரப்போகிற தேர்தலுக்குப் புதுப் பத்திரம் அடிக்க வேண்டும். கயல் தன் பெயரை எழுதி வாங்குபவர் என்று போடச் சொல்கிறாள். என் பெயரைப் போடலாமே என்று பார்த்தேன். என் ஓட்டு கடலூரில் இருக்கிறது, செல்லாது. அஞ்சலை அக்காவைக் கேட்டேன். "நான் நிக்கிறேன் தம்பி, ஆனா தட்டு எடுக்கவே இந்தத் தடவ ஆளு கொறையிது. எம்மருமவளே வரலன்றா" என்றார். கடைசியில் கயல் பெயருக்குக் கீழே அஞ்சலை அக்கா பெயர், அவ்வளவுதான். இரண்டு பெயர்.

வாரிசு வரியை இந்தமுறை எடுத்துவிடலாம் என்றேன். "அது என் தப்புதாம்மா, பழைய ஃபைல்லேருந்து ஒட்டிக்கிச்சி."

"தெரியும் மாமா. புதுசுல அதை எடுத்தா, அப்பா போட்ட பழசு எனக்கில்லன்னு அவரு பையன் சொல்லிடுவாரு. இருக்கட்டும்" என்றாள்.

"உனக்கு நாளைக்கி ஒரு கல்யாணம், ஒரு குழந்தைன்னு ஆவும். அதுவும் வந்து நிக்கணுமா?"

"அதுக்குள்ள பாலம் கட்டிட்டா நிக்க வேணாம்" என்றாள். வரியை விட்டுவைத்தேன். நான் செய்தது சரியா மச்சான்? உன் ஒரே பெண்ணை இதில் நானே இரண்டாவது முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை மறதியில் செய்தேன், இந்தத் தடவை தெரிந்தே செய்திருக்கிறேன்.

இன்று மதியம் போன் செய்தாள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "திங்கக்கெழம காலையில என்னை வந்து பாரும்மா" என்றாராம். எதற்கு என்று சொல்லவில்லையாம். "வருகைப் பதிவா இருக்கும் மாமா, இல்லன்னா ஆண்டு விழாவா இருக்கும்" என்கிறாள். இருக்கலாம். பிப்ரவரியில் ஆண்டு விழா வைப்பார்கள்தான். நல்ல மனுஷர் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வசந்தா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கயலிடம் சொல்ல என் வாய் வரைக்கும் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. போதும்மா, விட்டுடு, உங்கப்பாவோடு போகட்டும் என்று. அன்போடுதான் வருகிறது. நான் பத்திரத்தை ஒளித்ததும் அன்போடுதான். யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நூறு பேரும் அவரவர் பிள்ளைகள் மேல் இருக்கிற அன்பால்தான் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சட்டத்தில் எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மனு நாள். என் கடைக்கு அன்றைக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. கடையைத் திறக்கப் போவதில்லை. முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய், அந்தப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பேன். கயல் வேண்டாம் என்றாலும் உட்கார்ந்திருப்பேன். ஆண்டு விழா என்றால் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். வேறு ஏதாவது என்றால், உள்ளே போய் நான் பார்த்ததைச் சொல்வேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவளுக்கு வேலை போனாலும் போகலாம். அப்போது அழுவாள், நானும் அழுவேன். ஆனால் 'இனிமேல் எழுந்து நிற்காதே' என்று உன் மகளிடம் நான் சொல்ல மாட்டேன் மச்சான். நாக்கைக் கடித்துக்கொண்டாவது சொல்லாமல் இருப்பேன். நான் பயந்தவன் என்று உனக்குத் தெரியும். பயந்தவன் கொடுக்கிற வாக்கு இது.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் தங்கச்சி புருஷன், கயலின் மாமா
பாலு